யூபிஎஸ் பெட்டியில் வாட்ஸை முதலில் போடுங்கள்!

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் திரும்பி வர நாட்கணக்கில் ஆனது. அதைப் பார்த்த கட்டுமாவடிக்காரர்கள் கம்ப்யூட்டரோடு யூபிஎஸ்ஸும் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் "600 விஏ சார், தாராளமாகத் தாங்கும்" என்ற ஒரே வார்த்தையை நம்பி வாங்குவது தவறு என்பது என் கருத்து.

விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே அளந்து பெருக்கிய எண். வாட்ஸ் என்பது உண்மையில் செலவாகும் பவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த நவீன கருவியையும் விடத் தெளிவாகக் காட்டுவது, இஞ்சினியரிங் லேபில் இருக்கும் பழைய டைனமோமீட்டர் வாட்மீட்டர்தான்.

அதில் காந்தமே கிடையாது. இரண்டு பாதியாகப் பிரித்த நிலையான காயில், நடுவில் முள்ளோடு சுழலும் சிறிய காயில், அவ்வளவுதான். நிலையான காயிலில் லோடின் கரண்ட் ஓடுகிறது. நகரும் காயில், பெரிய ரெசிஸ்டன்ஸுடன் சேர்ந்து சப்ளைக்குக் குறுக்கே நிற்கிறது. எனவே அதில் ஓடுவது வோல்டேஜுக்கு ஏற்ற கரண்ட். முள்ளைத் தள்ளும் விசை இரண்டின் பெருக்கல். ஏசியில் இரண்டு காயிலிலும் திசை சேர்ந்தே மாறுவதால் விசையின் திசை மாறாது. ஒவ்வொரு கணத்தின் பெருக்கலையும் சராசரியாக்கி முள் காட்டுகிறது. அதுதான் வாட்ஸ்! கரண்ட் முந்தினாலோ பிந்தினாலோ முள் தானாகவே குறைத்துக் காட்டிவிடும்.

இதே இரண்டு காயில்களை சீரிஸில் இணைத்தால் அம்மீட்டர். கூடவே பெரிய ரெசிஸ்டன்ஸ் போட்டால் வோல்ட்மீட்டர். அப்போது விசை கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால் ஸ்கேலின் தொடக்கம் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். டிசி, ஏசி இரண்டுக்கும் ஒரே ஸ்கேல் பொருந்துவது இதன் பெருமை. பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் குழம்பிப்போவது இதன் பலவீனம்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ், வோல்டேஜின் உச்சியில் மட்டும் கரண்டைக் குபுக்கென்று இழுக்கும். 150 வாட்ஸ் எடுக்கும் கம்ப்யூட்டரின் பவர் ஃபேக்டர் 0.65 என்றால், 230 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர், அதாவது 230 விஏ. மலிவான கிளாம்ப் மீட்டரோ இந்தக் கரண்டையே குறைத்துக் காட்டும். அது சராசரியை அளந்து, சைன் அலை என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. வீட்டு எலெக்ட்ரானிக் மீட்டர் ஏமாறாது. பழைய காயில்கள் செய்த பெருக்கலையே அது வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை எண்களில் செய்கிறது.

புதிய எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபேக்டர் 0.95க்கு மேல். இது நல்லதுதானே என்பீர்கள். ஆனால் 600 விஏ யூபிஎஸ் பலவற்றில் வாட்ஸ் அளவு 360 மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் 400 வாட்ஸ் இழுத்தால் விஏ கணக்கில் 420தான். கடைக்காரர் சொன்னபடி தாங்க வேண்டும். கரண்ட் போன அந்த நொடியில் யூபிஎஸ் அலறிவிட்டு அணைந்துவிடும், சேமிக்காத ஃபைலோடு.

விஏவைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு வாட்ஸை மூலையில் பொடி எழுத்தில் ஒளிப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். கம்பெனிகள் மாறும்வரை, பெட்டியைத் திருப்பி வாட்ஸைத் தேடிப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.