ஒத்த வரிதானே, போட்டாச்சு!

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுல ஒரு ஆணி எனக்குச் சம்பந்தமே இல்லாதது, ஆனா கடுப்பைக் கிளப்பினது. டெக்னிகல் மொக்கைன்னு ஓடிடாதீங்க மக்களே. மேட்டர் மனுஷங்களைப் பத்தினதுதான்.

எங்க மாடியில ஆள் கூடி, பழைய ஐபி ரேஞ்ச் தீர்ந்து போச்சு. நெட்வொர்க் அண்ணன் ரூட்டிங் ஸ்விட்ச்ல, அதே வீலானுக்குப் புது ரேஞ்சை செகண்டரி அட்ரஸா சேர்த்தார். டிஎச்சிபி சர்வரைப் பாத்துக்கற கான்ட்ராக்ட் தம்பி புது ஸ்கோப் போட்டான். மறுநாள் காலையில லேட்டா வந்தவங்க மெஷின் எல்லாம் 169.254ல ஆரம்பிக்கிற அட்ரஸை வச்சுக்கிட்டு முழிக்குது. "ரிலே ஒத்த வரிதான், அது எப்பவோ போட்டாச்சு. சர்வர்லதான் பிரச்சினை"ன்னு அண்ணன் ஒரு மெயில் தட்டினார். தம்பி ராத்திரி முழுக்க உக்காந்து அதே ஸ்கோப்பை மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டான். அடுத்த மெயில்ல மேனேஜரும் சிசியில. வேற ஆள் பாக்கலாமாங்கற வரைக்கும் பேச்சு போயிடுச்சு.

அந்த ஒத்த வரி என்ன செய்யுதுன்னு அண்ணன் என்னைக்காவது யோசிச்சிருப்பாரா?

அட்ரஸ் இல்லாத மெஷின் "யாராச்சும் அட்ரஸ் குடுங்கப்பா"ன்னு பிராட்காஸ்ட்ல கத்தும். ரூட்டிங் ஸ்விட்ச் பிராட்காஸ்டை அடுத்த நெட்வொர்க்குக்கு விடாது. ரிலே அதைப் புடிச்சு, 'ஜிஐஅட்ரஸ்'ங்கற கட்டத்துல அந்த வீலானோட தன் அட்ரஸை எழுதி, நேரா சர்வருக்கு அனுப்பும். சர்வர் அந்தக் கட்டத்தைப் பாத்துத்தான் எந்த ரேஞ்சுல இருந்து குடுக்கணும்னு முடிவு பண்ணும்.

வில்லங்கம் இங்கதான். சிஸ்கோ மாதிரி ஸ்விட்ச்கள்ல, சும்மா விட்டா, எழுதப்படறது பிரைமரி அட்ரஸ் மட்டும்தான். அதாவது சர்வருக்குத் தெரியறது தீர்ந்துபோன பழைய ரேஞ்ச். புது ஸ்கோப் ஈ ஓட்டிக்கிட்டு கிடக்கும். தம்பி முந்நூறு தடவை அழிச்சுப் போட்டிருந்தாலும் இதே கதிதான்! சர்வர் பக்கம் போர்ட் 67ல பத்து நிமிஷம் பாக்கெட் புடிச்சுப் பாத்தா பட்டவர்த்தனமா தெரியுது. கோட் அடிக்கிற எனக்கே தெரிஞ்சுது. அண்ணன் பாக்கல, மெயில்தான் போட்டார்.

"விண்டோஸ் சர்வர்ல சூப்பர்ஸ்கோப் போட்டிருக்கலாமே, அப்போ தம்பி தப்புதானே"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. சரிங்க, போட்டிருக்கலாம். ஆனா ரெண்டு ரேஞ்சும் ஒரே வீலான்லதான் இருக்குன்னு அவன்கிட்ட யாராவது சொல்லணும்ல? ஸ்விட்ச்ல லாகின் யார்கிட்ட இருக்கு?

"ஓடுதுல்ல, உள்ள போய் என்ன பாக்கறது?"ன்னும் கேப்பீங்க. அதே சிஸ்கோவுல அந்த ஹெல்பர் வரி டிஎச்சிபியை மட்டும் அனுப்பறதில்ல. டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் பிராட்காஸ்டையும் சேத்து சர்வர் தலையில கொட்டும். நிறுத்தணும்னா தனியா சொல்லணும். சர்வர்ல இருந்து அந்த ஜிஐஅட்ரஸுக்குத் திரும்பி வர வழி இல்லேன்னா, பதில் நடுத்தெருவுல நிக்கும். ஒத்த வரிக்குள்ள இவ்வளவு இருக்கு.

இது ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரமும் இல்ல. அந்தக் கட்டம் 1985ல வந்த பூட்பி ஆவணத்துலயே இருக்கு. 1997ல டிஎச்சிபி ஆவணமும் அதை அப்படியே எடுத்துக்கிச்சு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிட்டாங்க. படிக்காதது நம்ம குத்தம்.

கடைசியில புது ரேஞ்சுக்குத் தனி வீலான், அதுல ஒரு ஹெல்பர் வரி. முடிஞ்சுது. தம்பி வேலையும் தப்பிச்சுது. ஆனா "சர்வர்லதான் பிரச்சினை"ன்னு போன மெயிலுக்கு, "இல்லீங்க, ஸ்விட்ச்லதான்"னு ஒரு மெயில் இன்னிக்கு வரைக்கும் வரல. அதுவும் ஒத்த வரிதானே அண்ணாச்சி?

டிஸ்கி: அண்ணன் இந்தப் பதிவைப் படிச்சா, நாளைக்கு என் மெஷினும் 169.254தான் :-)