"ஏதாவது கேக்கணுமா?" "இல்ல சார்!": இன்டர்வியூவில் கோட்டை விடுவது இங்கதான்

சென்னை:

வீட்டுப் பிள்ளை வேலைக்கு இன்டர்வியூ போகிறான் என்றால் நம்ம தெருவில் அது ஒரு திருவிழா. ஷூ ஒரு பிரண்டுகிட்ட இரவல், சட்டைக்கு இஸ்திரி, அம்மா கையால் திருநீறு. எல்லாம் சரி. உள்ளே போய் உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது.

வெளியே வந்ததும், "இங்கிலீஷ் வரல, அதான் போச்சு" என்று புலம்பல். பாதி உண்மைதான். கால் சென்டர் வேலைக்கு இங்கிலீஷ் வேணும். ஆனால் அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மெஷின் வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்ப்பது, 'இவனுக்கு வேலை தெரியுமா, ஒழுங்கா வருவானா' என்பதைத்தான்.

முதல் கோட்டை

"உன்னைப் பத்தி சொல்லு" என்பதுதான் முதல் கேள்வி. நம்ம பசங்க பேரு, ஊரு, அப்பா பேரு சொல்லிவிட்டு மோட்டுவளையை பார்ப்பார்கள். செய்த வேலையை சொல்ல மாட்டார்கள்.

"ஐ.டி.ஐ. டர்னர் முடிச்சிருக்கேன் சார். ஒரு வருஷம் லேத் பட்டறையில இருந்தேன். டிராயிங் பாத்து வேலை செய்வேன்" - நாலே வரி. தமிழிலேயே சொல்லலாம். அடுத்து, "மைக்ரோமீட்டர் லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு?" என்று மடக்குவார்கள். சாதாரண மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. என்று பட்டென்று பதில் வந்தால், அங்கேயே பாதி வேலை உறுதி. தெரியாவிட்டால் "தெரியல சார், கத்துக்கறேன்" என்பது கவுரவம். ரீல் விட்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக் கொள்வீர்கள். நடுவில் 2 வருடம் சும்மா இருந்தீர்களா? வீட்டு கஷ்டம், உடம்பு சரியில்லை, டெலிவரி வண்டி ஓட்டினேன்... உள்ளதை சொல்லுங்கள்.

பெரிய கோட்டை

கடைசியில் அவர் கேட்பார்: "நீ ஏதாவது கேக்கணுமா?" நம்மாளு எழுந்து நின்று, "ஒண்ணும் இல்ல சார்!"

விலை அதிகம் கொடுப்பது இந்த ஒரு பதிலுக்குத்தான். வேலை கிடைத்து முதல் மாச சம்பளம் கைக்கு வரும்போதுதான் தலை சுற்றும். பேசிக் சம்பளம் மட்டும் ரூ.15 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். பி.எப். 12 சதவீதம், அதாவது ரூ.1,800 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், ரூ.113 போகும். கைக்கு வருவது ரூ.13,087. பி.எப். உங்கள் சேமிப்பு, இ.எஸ்.ஐ. குடும்பத்துக்கு வைத்தியம். அதில் நஷ்டம் இல்லை. ஆனால் கேண்டீன், பஸ், ஹாஸ்டல் என்று இன்னும் பிடித்தால்? வீட்டு வாடகைக்கு கணக்கு போட்டு வைத்த அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் கிளம்பும் முன் 3 கேள்வி கேட்டு விடுங்கள்.

1. "பிடித்தம் போக கையில எவ்வளவு சார் வரும்?"

2. "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிசா?" 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் எடுத்தால் நீங்கள் பயிற்சி ஆள், தொழிலாளி கணக்கில் வர மாட்டீர்கள். கிடைப்பது உதவித்தொகை. பி.எப்., இ.எஸ்.ஐ. கிடையாது.

3. "ஷிப்ட் எப்படி?" பெண் பிள்ளைகள் நைட் ஷிப்டுக்கு பஸ் உண்டா, ஹாஸ்டல் எங்கே என்றும் கேட்க வேண்டும்.

திமிரா?

'கேட்டா திமிர் பிடிச்சவன்னு நினைப்பாங்களோ?' இந்த பயம் நியாயமானதுதான். உள்ளே நுழைந்ததும் சம்பளத்தை கேட்டால் அப்படித்தான் நினைப்பார்கள். முதலில் வேலையைப் பற்றி பேசுங்கள். அவரே "கேக்கணுமா?" என்றதும் பணிவாக கேளுங்கள். விவரமான ஆள் என்றுதான் குறித்துக் கொள்வார். அதுக்கே முகம் சுளிக்கிற இடம் என்றால், நாளைக்கு ஓ.டி. பணம் கேட்டால் என்ன ஆகும்? யோசியுங்கள்.

வேலை உறுதி என்றால் ஆர்டரை கையில் வாங்குங்கள். 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள், நியமன கடிதம் கொடுப்பதை கட்டாயம் ஆக்கி இருக்கின்றன. வாய் வார்த்தைக்கு சாட்சி கிடையாது.

உஷார்!

இன்டர்வியூவுக்கு முன்னாடியே 'ரிஜிஸ்டிரேஷன் பீஸ்' கேட்டால் அப்படியே திரும்பி விடுங்கள். கம்பெனி சம்பளம் கொடுக்கத்தான் கூப்பிடும், வாங்குவதற்கு அல்ல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களில் பைசா செலவில்லை. ஒரிஜினல் சர்டிபிகேட்டை காட்டுங்கள், சரி பார்த்ததும் திரும்ப வாங்கிக் கொள்ளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

இன்று ராத்திரியே கண்ணாடி முன்னாடி நின்று அந்த நாலு வரியையும், மூணு கேள்வியையும் சத்தமாக சொல்லிப் பாருங்கள். தங்கச்சி சிரித்தால் சிரிக்கட்டும். முதல் சம்பளத்தில் அவளுக்கு சுடிதார் எடுத்து கொடுக்கும்போது, கையில் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்!