ஆறாம் வகுப்பில் ஒரு கழித்தல் கணக்கு

52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால், ஆறாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் 26 என்று எழுதுகிறார்கள். இரண்டிலிருந்து எட்டு போகாது. உடனே எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு போட்டுவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. பக்கத்திலுள்ள பத்தை உடைத்துக் கடன் வாங்கலாம் என்பது மூன்றாம் வகுப்பிலேயே பிடிபடாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் பின்னத்தையும் தசமத்தையும் நடத்திப் பயனென்ன?

வாசிப்பிலும் இதே நிலைதான். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'அசர்' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 சதவீதத்தினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தனர். 2022-இல் அது 16.3. முன்னேற்றம்தான், போதாது.

தமிழகம் கொரோனா இடைவெளிக்குப் பின் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணிதம் கற்பிக்கும் முறை அது. அடுத்து 2025-இல் வந்த 'திறன்' திட்டம், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியவர்களுக்கு அதே மூன்று பாடங்களின் அடிப்படையைப் பயிற்றுவிக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரை இப்படியொரு திட்டம் தேவைப்படுகிறது என்பதை மூடி மறைக்காமல் ஒப்புக்கொண்டதே நல்ல தொடக்கம்.

ஆங்கிலத்தில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. 'சி, ஏ, டி' என்று எழுத்துகளின் பெயரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அவை சேர்ந்தால் 'கேட்' என்று ஏன் ஒலிக்க வேண்டும் என்பது புரிவதில்லை. ஒலியைப் பழக்காமல் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்தால், புதிய சொல் வந்ததும் வாய் அடைத்துவிடும். பத்து முறை பார்த்தெழுதுவதைவிட, ஐந்து புதிய சொற்களைத் தானே கூட்டிப் படிப்பது மேல்.

மீண்டும் கணக்குக்கு வருவோம். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினரின் ஆய்வு ஒன்று 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறார்கள் விலையையும் மீதிச் சில்லறையையும் மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறார்கள். அதே கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக் கணக்கில் தேறும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறுகிறார்கள். திறமை இருக்கிறது, இரண்டையும் இணைக்கும் பயிற்சிதான் இல்லை.

அந்தப் பயிற்சிக்கு நேரம் வேண்டும். செயலியில் மதிப்பெண் பதிவேற்றுவதிலேயே பொழுது போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிடுகின்றன. அந்தச் சுமையைக் கல்வித் துறை குறைக்க வேண்டும். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் திறன் வகுப்பு நேரத்தை வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோரும் மளிகைக் கடை ரசீதைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லட்டும். மீதி எவ்வளவு என்பதை நோட்டில் எழுதிக் காட்டச் சொல்லட்டும்.