எழுதிக் கொடுங்கள்

எட்டு மாதம்கூட ஆகாத என் மோட்டார் சைக்கிள், மாட்டுங்காவில் மழையில் நின்றுவிட்டது. செம்பூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணீர் புகுந்திருக்கு, வாரன்டி கிடையாது."

"அதையே ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். எழுதியதோ வேறு: "பரிசோதிக்க வேண்டும்."

வாயால் மறுப்பது சுலபம். எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, வசிக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். திருநெல்வேலியில் வாங்கிய வண்டிக்காகத் தாராவிக்காரர் ரயிலேற வேண்டியதில்லை. ஜாப் கார்டு கையில் இருக்கட்டும்.