ஒளியைத் திருத்தலாம், பறவையைத் திருத்தலாகாது

பறவைப் படங்களைக் கணினியில் திருத்துவது தகுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தகும் என்பதே என் கருத்து. ஆனால் எதைத் திருத்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

முதலில் ஒளியின் திசையைக் கவனியுங்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டை எதிர்வெயிலில் எடுத்தால் வெறும் கரிய குருவியாகவே தெரியும். சூரியன் நம் முதுகுப்புறம் இருக்குமாயின் அதே குருவியில் ஊதாவும் நீலமும் மின்னும். இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பிறக்கும் நிறம் அது. நாம் தவறான இடத்தில் நின்றால், அந்த மினுக்கத்தை எந்த மென்பொருளாலும் உள்ளபடி மீட்டுத்தர இயலாது.

வெண்கொக்கின் சங்கதி வேறு. உச்சி வெயிலில் அதன் இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். காலையில் சாய்ந்து வரும் பக்கவொளியில், கமராவுக்குள் செல்லும் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்தால் ஒவ்வோர் இறகும் தனித்துத் தெரியும்.

இதன்பின் ஓரங்களை வெட்டலாம். நிழலைச் சற்று வெளிச்சமாக்கலாம். மஞ்சள் பாரித்த வெள்ளையைச் சீர்செய்யலாம். பிலிம் காலத்து இருட்டறைகளிலும் நடந்தவைதாம் இவை.

எல்லை எங்கே என்பதைப் பத்திரிகைத்துறை பட்டுத்தான் அறிந்தது. 2006 ஆகஸ்டில் பெய்ரூத் குண்டுவீச்சுப் படமொன்றில் புகையைப் பெருக்கிக் காட்டியமை அம்பலமானபோது, ரோய்ட்டர்ஸ் நிறுவனம் அந்தப் படப்பிடிப்பாளரின் 920 படங்களையும் விலக்கிக்கொண்டது. ஒரு பொய்யால் மற்றப் படங்கள் மீதான நம்பிக்கையும் போயிற்று.

பறவைப் படத்துக்கு இது பொருந்தாதென்று எண்ணவேண்டாம். யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு மாரியில் வரும் பவளக்காலியையும் பச்சைக்காலியையும் பிரித்தறிய முதலிற் பார்ப்பது கால்களின் நிறத்தையே. கவர்ச்சிக்காக அந்த நிறத்தை மாற்றினால் பார்ப்பவர் இனத்தையே மாற்றிச் சொல்லக்கூடும். இன்று ஈபேர்ட் போன்ற இணையப் பதிவேடுகளில் இத்தகைய படங்களே சான்றாகின்றன. செயற்கை நுண்ணறிவு இல்லாத சிறகையும் வரைந்து தரும் காலம் இது. ஆகவே எச்சரிக்கையும் கூடவேண்டும்.

குறுக்கே நின்ற கிளையை நீக்கினீர்களா? படத்தின் கீழ் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள். மூலப்படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.