தெரிஞ்ச கோவிலுக்கு வழிகாட்டி எதுக்கு?



பிடோக் வட்டாரத் தொண்டூழியர்களா எங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கு. அடிக்கடி போற கோவிலுக்குக் கார்ல போகும்போது, கார்லயே இருக்கிற நேவிகேஷனை நிறுத்திட்டுப் போங்க.

சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோவிலையே எடுத்துக்கோங்க. அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டைப் பிடிச்சு, சிக்லாப் தாண்டி, ஜூ சியட் ரோடு சந்திப்பைக் கடந்தா வந்துடும். நம்ம பல பேருக்கு இது மனப்பாடம். இருந்தும் வண்டியில் ஏறினதும் கை தானா நேவிகேஷனைத் தட்டுது. தாத்தா ஏதாவது சொல்ல வாயெடுத்தா, "200 மீட்டரில் திரும்பவும்" என்று குரல் குறுக்கே வருது. பின் சீட்டுப் பிள்ளைங்க ஜன்னல் பக்கம் பார்க்கிறதே இல்லை.

பெரியவங்க சொல்ல வர்ற விஷயம் எந்தத் திரையிலும் வராது. 1850களில் ஒரு செண்பக மரத்தடியில் விநாயகர் சிலை கிடைச்சதால்தான் அந்தக் கோவிலுக்கு அந்தப் பேர். இன்னிக்கு கேலாங் ஈஸ்ட்டில் நாம் கும்பிடுற சிவன் கோவில் முன்னாடி ஆர்ச்சர்ட் ரோட்டில், தோபி காட் பக்கம் இருந்தது. எம்ஆர்டி கட்டுமானத்துக்காக 1983இல் அங்கிருந்து கிளம்பி, 1993இல் இப்போதைய இடத்தில் குடமுழுக்கு கண்டது. இதையெல்லாம் பிள்ளைங்க வேற எங்கே கேட்பாங்க? வாராவாரம் கோவிலுக்குப் போற அந்த இருபது நிமிஷம்தான் பல வீடுகளில் மூணு தலைமுறையும் ஒண்ணா உட்கார்ற நேரம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017இல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. தானே வழி யோசிச்சுப் போறவங்களுக்கு, தெருக்கள் பிரியும் இடங்களில் மூளையின் ஞாபகப் பகுதி சுறுசுறுப்பாகுது. கருவி சொன்னபடி போறவங்களுக்கு அந்தச் சுறுசுறுப்பு காணோம். நம்ம அனுபவமும் அதானே? பத்து வருஷம் கார்ல வந்த பிள்ளையை ஒருநாள் தனியா பஸ்ஸில் வரச் சொன்னா, எந்த ஸ்டாப்பில் இறங்கணும்னு தெரியாம முழிக்குது.

"ஜாம் இருந்தா யார் சொல்றது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புது இடம்னா கட்டாயம் போடுங்க. இரவு நேரம், மழை, தெரியாத வட்டாரம், எல்லாத்துக்கும் அது உதவி. ஆனா கார்ல பதிஞ்சிருக்கிற வரைபடத்தை நாம் புதுப்பிக்காம விட்டா அதுவும் பழசாயிடும். தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை 2024 ஜூனில் பேஷோர் வரைக்கும் திறக்கிற முன்னாடி, மரின் பரேட் ரோட்டில் எத்தனை மாற்றுவழி வந்துச்சுன்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

தைப்பூசத்தன்னிக்கு இன்னும் கவனம் வேணும். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை காவடிகள் போகும்போது சாலைத் தடங்களை மூடுவாங்க. அங்கே போலீஸ்காரரும் தொண்டூழியரும் காட்டுற கையைத்தான் பார்க்கணும். "வண்டி இப்படித்தான் போகச் சொல்லுது" என்று அவங்ககிட்ட வாக்குவாதம் வேண்டாம். பின்னால நடந்து வர்றவர் தோளில் காவடி இருக்கு. அன்னிக்கு எம்ஆர்டியில் வந்தா எல்லாருக்கும் நிம்மதி.

நிறுத்துறது சுலபம். கார்ப்பார்க்கை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே வழிகாட்டலை முடிச்சிடுங்க. முழுசா நிறுத்த மனசில்லைன்னா குரலையாவது அடக்குங்க. கைப்பேசியைக் காரோட இணைச்சிருந்தா அதிலும் தனியா ஒரு வழிகாட்டி ஓடும், அதையும் பார்த்துக்கோங்க. ஓடுற வண்டியில் திரையைத் தொடாதீங்க.

வர்ற வெள்ளிக்கிழமை ஒரு தடவை செஞ்சு பாருங்களேன். வழி சொல்ற வேலையைப் பிள்ளைகிட்ட கொடுங்க, தப்பாச் சொன்னா திருத்துற வேலையைத் தாத்தா பாட்டிகிட்ட கொடுங்க. அஞ்சு நிமிஷம் தாமதமானா என்ன, பிள்ளையார் காத்திருப்பார்.

ஓம் கணபதியே நமஹ 🙏