வயிற்று வலியையும் சீனி வருத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்



தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வயிற்று வலி என்று போனால் ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லி குளிசை தருவார்கள். சீனி வருத்தம் என்றால் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்புவார்கள். ஒரே ஆள் இரண்டு வருத்தத்தோடு இரண்டு இடத்துக்கு அலைகிறார். இரண்டும் ஒரே உறுப்பிலிருந்து வரக்கூடும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அந்த உறுப்புக்குப் பெயர் சதையி. கணையம் என்றும் சொல்வார்கள்.

இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் இருக்கும் சதையிக்கு இரண்டு வேலை. முதலாவது, நாம் சாப்பிடும் சோற்றையும் பருப்பையும் எண்ணெயையும் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து குடலுக்குள் அனுப்புவது. சதையியின் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான். இரண்டாவது, இரத்தத்தில் உள்ள சீனியின் அளவைக் காப்பது. சதையிக்குள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும் கலங்கள் இதைச் செய்கின்றன. எடையில் அவை நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். அவற்றிலிருந்து வரும் இன்சுலின் சீனியைக் குறைக்கும். குளுக்ககோன் சீனியைக் கூட்டும்.

இந்த இரண்டு பகுதிக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஓமோன் கலங்களைச் சுற்றிவரும் இரத்தம் பக்கத்திலுள்ள செரிமானக் கலங்களுக்கும் போகிறது. இன்சுலின் அவற்றுக்கும் ஊட்டமாகிறது. அதனால்தான் இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் வகைச் சீனி வருத்தத்தில் சதையி சிறுத்துப்போவதையும், செரிமானச் சாறு குறைவதையும் வைத்தியர்கள் காண்கிறார்கள். மறுபக்கமும் அப்படித்தான். சதையி அடிக்கடி அழற்சி கண்டு தழும்பேறினால் முதலில் செரிமானம் கெடும். தழும்பு பரவி ஓமோன் கலங்களையும் அழிக்கும்போது சீனி வருத்தம் வந்து சேரும்.

இப்படி வரும் சீனி வருத்தம் மற்றதைப் போன்றதல்ல. இங்கே இன்சுலினோடு குளுக்ககோனும் குறைந்துபோகிறது. சீனி ஏறினால் இறக்க ஆளில்லை, இறங்கினால் ஏற்றவும் ஆளில்லை. சாப்பிட்டதும் சரியாகச் செரிப்பதில்லை. இந்த நிலையில் காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு மலையேறும் ஒருவருக்கு, கொழுந்து நிறுவை தாமதமாகி மத்தியானச் சாப்பாடும் தள்ளிப்போனால், சீனி திடீரென்று விழுந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்களுக்குக் குடித்தவர் போலத் தெரியும். அவரைத் திட்டி வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே உயிர் போகலாம்.

அப்படி யாரையாவது கண்டால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரோ தேத்தண்ணியோ உடனே கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஊசி போடுபவர்கள் தாமாக மருந்தை நிறுத்தவும் கூடாது, சாப்பாட்டைத் தவறவிடவும் கூடாது.

மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் போகும் வலி, சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, மலம் வெளுத்து எண்ணெய்ப் பசையோடு மிதப்பது: இவை சதையி கெட்டதன் அடையாளங்களாக இருக்கலாம். சீனி வருத்தத்தோடு இவையும் இருந்தால் இரண்டையும் ஒரே வைத்தியரிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சீனி வந்து, காரணமில்லாமல் உடம்பும் மெலிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சதையியில் வரும் புற்றுநோயும் சில வேளை அப்படித்தான் தலைகாட்டும். செரிமானக் குறைக்கு மருந்து உண்டு. நொதியக் குளிசையைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் உண்டது உடம்பில் ஒட்டும்.

காரணத்தையும் ஒளிக்காமல் பேசுவோம். நீண்டகாலக் குடி சதையியைக் கெடுக்கும் முக்கிய காரணம். சாராயமானாலும் கசிப்பானாலும் ஒன்றுதான். சிகரெட்டும் பீடியும் அந்தக் கேட்டை விரைவாக்கும். ஆனால் பித்தக்கற்களாலும், இரத்தத்தில் கொழுப்பு மிகக் கூடுவதாலும், பரம்பரையாலும்கூட இது வரும். சிலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. ஒரு சொட்டும் குடிக்காத நம் பெண்களுக்கும் வரும். ஆகவே “குடிச்சவன்தானே” என்று எந்த நோயாளியையும் தள்ளிவைக்க யாருக்கும் உரிமையில்லை. குடித்தவருக்கும் வைத்தியம் உரிமைதான்.

அந்த உரிமை நேற்று வந்ததல்ல. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டங்கள்மேல் வைத்தது. நூறு வருடங்களுக்குப் பிறகும் நம்மவர்கள் கிளினிக் நாளில் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் காசு கொடுத்துப் போகிறார்கள். அதனால் கிளினிக்கையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இலவச வைத்தியம் என்று சொன்னாலும் தொழிலாளிக்கு அது இலவசமில்லை.

எனவே நாம் கேட்பவை இவை. கிளினிக் அட்டையைக் காட்டுபவரின் அந்த நாள் சம்பளம் வெட்டப்படக் கூடாது. இன்சுலின் போடுபவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அதற்காக அவருக்கு அரைப் பெயர் போடக் கூடாது. ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் சீனி பார்க்கும் கருவியும் குளுக்கோஸும் இருக்க வேண்டும். வயிற்று வலியோடு திரும்பத் திரும்ப வருபவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். விலை கூடிய நொதியக் குளிசைகள் அரச ஆஸ்பத்திரிகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் தோட்டத்தில் ஊசி போடுபவர்கள் யார் யார், அவர்களோடு மலையில் நிற்பவர்கள் யார் என்று தெரிந்து வையுங்கள். நிர்வாகத்திடம் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.